ஆங்கில வாக்கியத்தில் பிழை ஏன் கண்ணில் படுவதில்லை?

நீங்கள் கேட்டிருப்பது இலக்கண விதிகளின் பட்டியல் அல்ல. அது உங்களிடமே இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட விதிகளை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தும் வைத்திருக்கிறீர்கள். ஆனால் எஸ்.எஸ்.சி. (மத்திய அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வு வாரியம்) மாதிரித் தேர்வில் பிழை கண்டுபிடிக்கும் பகுதிக்கு வந்தால், அதாவது வாக்கியத்தை மூன்று துண்டாக்கி எதில் பிழை என்று கேட்டு, நான்காவது கட்டமாகப் "பிழை இல்லை" என்று தரும் பகுதிக்கு வந்தால், எந்த வாக்கியத்தைப் பார்த்தாலும் சரியாகத்தான் தெரிகிறது. விடையைப் புரட்டிய பிறகு "அட, இது தெரியுமே" என்று தலையில் அடித்துக்கொள்கிறீர்கள். தெரிந்த விதி வேண்டிய நேரத்தில் ஏன் கைகொடுப்பதில்லை, தமிழ் வழியில் படித்ததுதான் காரணமா? இதுதான் உங்கள் கேள்வி. தப்பு செய்ததாக மூன்று வாக்கியங்களையும் அனுப்பியிருக்கிறீர்கள். அவற்றை வைத்தே பேசுவோம்.

பாளையங்கோட்டையில் 17 வருடமாகப் போட்டித் தேர்வுக்கு ஆங்கிலம் நடத்துகிறேன். மாலை வகுப்புதான், வேலைக்குப் போய்விட்டு வருகிறவர்கள் அதிகம். நான் மொழியியல் அறிஞன் இல்லை. ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகள் எந்த இடத்தில் வழுக்கி விழுவார்கள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். வெளிநாட்டுப் படிப்புக்கான ஐ.இ.எல்.டி.எஸ். கட்டுரை பற்றி நான் பேசமாட்டேன், அதை நடத்தியதில்லை. ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வகுப்பிலும் சில சமயம் பலகையில் இப்படித்தான் எழுதுவேன். பழகிய எழுத்து இல்லாததால் கண் வழுக்கிக்கொண்டு ஓடாது, ஒவ்வொரு சொல்லாக நின்றுதான் போகவேண்டும். வாய்விட்டே படியுங்கள்.

முதலில் காது. "மாடு வந்தான்" என்று நான் சொன்னால் உங்களுக்கு விதி எதுவும் தேவைப்படாது, உடனே சுருக்கென்று குத்தும். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று நன்னூல் வழுவை, அதாவது பிழையை, ஏழாகப் பிரித்துச் சொல்கிறது. பத்தாம் வகுப்பில் அதைப் படித்திருந்தாலும் மறந்திருப்பீர்கள், ஆனாலும் பிழை குத்துகிறது. சரி, இப்போது "மாடுகள் வந்தது" என்கிறேன். குத்தியதா? அநேகமாக இல்லை. "வந்தன" என்பதுதான் எழுத்து வழக்கு. ஆனால் பேச்சில் மாடு ஒன்றானாலும் பத்தானாலும் நமக்கு "வந்துச்சு"தான். அஃறிணையில் ஒருமை பன்மையை வினைச்சொல்லில் காட்டும் பழக்கம் பேச்சிலிருந்து போய்விட்டது. நம் காது மந்தமாக இருக்கும் இடம் இதுதான். ஆங்கிலத் தேர்வு குறிவைக்கும் இடமும், தற்செயலாக, இதுவேதான். அங்கே திணை கிடையாது, வினையில் பால் கிடையாது. நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமைக்கு ஒரு "எஸ்" சேர்ப்பதும், இஸ்–ஆர், ஹாஸ்–ஹாவ், வாஸ்–வேர் என்ற ஜோடிகளும்தான் மிச்சம்.

உங்கள் முதல் வாக்கியம்: "தி குவாலிட்டி ஆஃப் தி மேங்கோஸ் சோல்ட் இன் திஸ் மார்க்கெட் ஆர் வெரி குட்." நீங்கள் "சோல்ட்" தப்பு என்று குறித்திருக்கிறீர்கள். காரணம் எனக்குப் புரிகிறது: முதல் சொல்லிலிருந்து படித்துக்கொண்டே வந்து, வழியில் கொஞ்சம் வித்தியாசமாகப் பட்ட சொல்லில் நின்றுவிட்டீர்கள். இதை மாற்றுங்கள். முதலில் வாக்கியத்தின் முற்றுவினையை, அதாவது வாக்கியத்தை நிறைவாக்கும் வினையைத் தேடுங்கள். இங்கே அது "ஆர்". "சோல்ட்" முற்று அல்ல, "விற்கப்படும் மாம்பழம்" என்பதில் வரும் பெயரெச்சம் மாதிரி. அடுத்து முற்றுவினையிடம் "எது?" என்று கேளுங்கள். எது நன்றாக இருக்கிறது? மாம்பழமா, தரமா? தரம். தரம் ஒன்று, ஆகவே "இஸ்". நடுவில் மேங்கோஸ் என்ற பன்மை நிற்பதால் காது ஏமாந்துவிட்டது. கேள்வி எழுதுகிறவர் வேண்டுமென்றேதான் அதை அங்கே நிறுத்துகிறார். "ஆஃப்" என்பதில் தொடங்கி முற்றுவினைக்கு முன்வரை பென்சிலால் ஒரு கோடு போட்டு மறைத்துப் பாருங்கள்: "தி குவாலிட்டி... ஆர்." இப்போது "மாடு வந்தான்" மாதிரியே குத்தும்.

இன்னும் கொஞ்சம் சிக்கலான ஒன்று. "தி லிஸ்ட் ஆஃப் கேண்டிடேட்ஸ் ஹூ ஹாவ் பாஸ்ட் தி எக்ஸாம் ஆர் ஆன் தி நோட்டீஸ் போர்டு." இதில் வினை இரண்டு. பாஸ் ஆனவர்கள் யார்? கேண்டிடேட்ஸ், அதனால் "ஹாவ்" சரி. போர்டில் இருப்பது எது? லிஸ்ட், அதனால் "ஆர்" தப்பு. ஒரு வாக்கியத்தில் எத்தனை வினை இருக்கிறதோ அத்தனை முறை கேள்வி கேட்கவேண்டும். பாதிப் பேர் முதல் வினையிடம் கேட்டுவிட்டுத் திருப்தியாகப் போய்விடுகிறார்கள்.

"அலாங் வித்", "ஆஸ் வெல் ஆஸ்", "டுகெதர் வித்" வந்தால் வினை ஒருமையா பன்மையா என்று ஒரு விதி உங்கள் நோட்டில் கட்டாயம் இருக்கும். அதைத் தனியாக மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை. "ராமன் தம்பியோடு வந்தான்" என்கிறோம். "ராமனும் தம்பியும் வந்தார்கள்" என்கிறோம். வந்தவர்கள் இரண்டிலும் இரண்டு பேர்தான், ஆனால் "ஓடு" போட்டால் வினை ராமனைப் பார்க்கிறது, "உம்" போட்டால் இருவரையும் பார்க்கிறது. ஆங்கிலமும் அப்படியே. "அலாங் வித்" வகையறா எல்லாம் ஓடு, "அண்ட்" என்பது உம். இதைச் சொன்ன நாளில் வகுப்பில் ஒரு பெண், "சார், இதை ஏன் முதல் வாரமே சொல்லவில்லை?" என்று கேட்டுவிட்டாள். நியாயமான கேள்வி. எனக்கே அது ஆறேழு வருடம் கழித்துத்தான் உறைத்தது.

இரண்டாவது வாக்கியம்: "வீ டிஸ்கஸ்ட் அபவுட் தி மேட்டர் அண்ட் டிசைடட் டு வெயிட்." இதில் பிழையே இல்லை என்று குறித்திருக்கிறீர்கள். "அபவுட்" வரக்கூடாது. நாம் ஒரு விஷயத்தை "பற்றி"ப் பேசுகிறோம், அந்தப் "பற்றி"தான் "அபவுட்" ஆகி உள்ளே வந்துவிட்டது. டிஸ்கஸ் என்ற சொல்லுக்குள்ளேயே "பற்றி" அடங்கியிருக்கிறது. இதே வகைதான் "மேரீட் வித்" (அவனோடு கல்யாணம் என்பதால் வித், ஆங்கிலத்தில் டு), "சீனியர் தேன்" (என்னைவிட என்பதால் தேன், வேண்டியது டு), "ரீச்ட் டு சென்னை" (சென்னைக்கு என்பதால் டு, அங்கே ஒன்றுமே வேண்டாம்). நம் வேற்றுமை உருபுகள் ஒவ்வொன்றும் ஆங்கில வேடம் போட்டுக்கொண்டு வருகின்றன.

இந்த வகைக்கு மட்டும் விதி தேடி அலையாதீர்கள், கிடைக்காது. யானைக்குப் பிறந்தது கன்று, நாய்க்குப் பிறந்தது குட்டி. ஏன் என்றால் யாரிடம் பதில் இருக்கிறது? குயில் கூவும், மயில் அகவும். இது மரபு, அவ்வளவுதான். சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர், பிரையர் ஆகிய ஐந்தும் லத்தீன் மொழியிலிருந்து ஒப்பீட்டு வடிவத்தோடேயே வந்தவை, அதனால் "டு" கேட்கின்றன என்று இந்த ஒரு குடும்பத்துக்கு மட்டும் காரணம் சொல்லலாம். மற்றபடி மனப்பாடம்தான். என் அனுபவத்தில் அறுபது எழுபது சொற்கள் போதும், தேர்வில் திரும்பத் திரும்ப அவைதான் வருகின்றன. நீங்கள் மனப்பாடத்தை விதிகளில் செலவழித்து, மரபுச் சொற்களை யோசித்துக் கண்டுபிடிக்கப் பார்க்கிறீர்கள். அதைத் தலைகீழாக மாற்றுங்கள்.

காலத்தில் நாம் செய்யும் பிழைகள் இன்னும் சுவாரசியமானவை. "நேற்று கோயிலுக்குப் போயிருந்தேன்" என்பது நல்ல தமிழ். அதை அப்படியே "ஐ ஹாட் கான் டு தி டெம்பிள் யெஸ்டர்டே" என்று ஆக்கினால் தப்பு. ஆங்கிலத்தில் "ஹாட் கான்" என்றால் நடந்துமுடிந்த இன்னொரு செயலுக்கும் முன்னால் நடந்தது என்று பொருள். அந்த இன்னொரு செயல் இங்கே இல்லை. ஒரே ஒரு பழைய செயல் என்றால் "வென்ட்" போதும். அதேபோல "2019-ல் அங்கே போயிருக்கிறேன்" என்கிறோம். தமிழில் தேதியும் "இருக்கிறேன்" என்பதும் சண்டை போடாமல் கூடி வாழும். ஆங்கிலத்தில் ஹாவ் போட்ட வினைக்கும், யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2019 என்று முடிந்துபோன காலத்தைக் குறிக்கும் சொல்லுக்கும் ஆகவே ஆகாது. வாக்கியத்தில் இரண்டும் சேர்ந்திருந்தால் பிழை அங்கேதான், மேலே படிக்கவே வேண்டாம்.

காலப் பிழையில் மூன்றாவதாக ஒன்று: "அஞ்சு வருஷமா இங்கேதான் வேலை பார்க்கிறேன்." தமிழில் நிகழ்காலம். அதனால் "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃபார் தி லாஸ்ட் ஃபைவ் இயர்ஸ்" என்பது நமக்கு அமுதமாக ஒலிக்கும். வேண்டியது "ஹாவ் பீன் வொர்க்கிங்". அன்று தொடங்கி இன்றுவரை நீளும் செயலை ஆங்கிலம் வெறும் நிகழ்காலத்தில் சொல்லவிடாது. "ஃபார்" அல்லது "சின்ஸ்" கண்ணில் பட்டதும் வினையைத் திரும்பிப் பாருங்கள்.

எல்லா இடத்திலும் தமிழ் நம்மைக் கவிழ்ப்பதில்லை. "நீ வந்தால் நான் வருவேன்." வந்தால் என்பதில் எதிர்காலம் இருக்கிறதா? இல்லை. ஆங்கிலத்திலும் "இஃப் யூ கம், ஐ வில் கம்" என்று இஃப் பக்கத்தில் "வில்" வராது. "இஃப் யூ வில் கம்" என்று எழுதுகிறவர் தமிழிலிருந்து எடுத்து எழுதவில்லை, அளவுக்கு மீறி யோசித்து எழுதுகிறார். "அவன் எங்கே இருக்கிறான் என்று சொல்" என்பதும் அப்படியே: "டெல் மீ வேர் ஹீ இஸ்". "வேர் இஸ் ஹீ" என்று கேள்வி வடிவத்தை உள்ளே வைப்பது தப்பு.

ஏ, அன், தி மூன்றும் தமிழருக்கு வராது என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதிதான் உண்மை. ஓர் ஊர், ஒரு வீடு என்று எழுதுகிறோம் அல்லவா? உயிரெழுத்துக்கு முன் ஓர், மற்றதற்கு ஒரு. "அன்", "ஏ" வேறுபாடும் அதே கதைதான், அதுவும் எழுத்தைப் பார்த்து அல்ல, ஒலியைப் பார்த்து. சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். யூனிவர்சிட்டி "யூ"வில் தொடங்குகிறது, உயிர் அல்ல, ஆகவே "ஏ". எம்.எல்.ஏ. "எ"யில் தொடங்குகிறது, ஆகவே "அன்". ஒன்-வே ரோடு "ஒ" என்று எழுதினாலும் வாயில் வருவது "வன்", ஆகவே "ஏ". மணியைக் குறிக்கும் சொல்லை நாம் ஹவர் என்று எழுதுகிறோம், ஆங்கிலேயன் வாயில் அது "அவர்", ஆகவே "அன்".

"தி" கொஞ்சம் கஷ்டம்தான், ஆனால் அதற்கும் ஒரு பிடி இருக்கிறது. "கடையில் பேனா வாங்கினேன்" என்றால் ஏதோ ஒரு பேனா. "கடையில் பேனாவை வாங்கினேன்" என்றால் நீயும் நானும் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த பேனா. அந்த "ஐ" உருபு செய்கிற வேலையைத்தான் ஆங்கிலத்தில் "தி" செய்கிறது. செயப்படுபொருள் அஃறிணையாக இருந்தால் இந்தச் சோதனை பெரும்பாலும் கைகொடுக்கும். எழுவாயில் கொடுக்காது, மனிதர்களிடத்தில் கொடுக்காது, ஏனென்றால் அங்கே "ஐ" எப்படியும் வந்துவிடும். நதிகளுக்கும் மலைத்தொடர்களுக்கும் "தி" உண்டு, தனி மலைக்கு இல்லை என்பதெல்லாம் மறுபடி மரபுக் கணக்கு.

எண்ண முடியாத பெயர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்: இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மென்ட், சீனரி. நமக்குத் தகவல்கள், அறிவுரைகள் எல்லாம் உண்டு என்பதால் "எஸ்" போடக் கை துறுதுறுக்கும். போடாதீர்கள்.

இதுவரை சொன்னவை ஐயமில்லாத பிழைகள். இனி சொல்லப்போவது அப்படியல்ல, இங்கே ஆசிரியர்களுக்குள்ளேயே அடிதடி நடக்கும். நம் இலக்கணத்தில் இதற்கு அருமையான ஒரு சொல் இருக்கிறது: வழுவமைதி. கண்டிப்பாகப் பார்த்தால் பிழை, ஆனால் காரணம் கருதி ஏற்றுக்கொண்டது. பசுவை "என் அம்மை வந்தாள்" என்று ஆசையாகச் சொல்வதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அவ்வளவு தூரம் போகவேண்டாம், "அவர் வந்தார்" என்பதே அப்படித்தான். பலரைக் குறிக்கும் வடிவம் மரியாதைக்காக ஒருவருக்கு வந்து, இன்று யாரும் அதைப் பன்மை என்று நினைப்பதுகூட இல்லை. ஆங்கிலத்தில் "எவ்ரிஒன் மஸ்ட் பிரிங் தேர் ஹால் டிக்கெட்" என்பதும் இதே ஜாதி. எவ்ரிஒன் ஒருமை, தேர் பன்மை, தப்பு என்று பழைய புத்தகங்கள் சொல்லும். ஆனால் இந்த வழக்கு 14-ஆம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலத்தில் இருக்கிறது. மெரியம்-வெப்ஸ்டர் அகராதிக்காரர்கள் 2019-ல் "தே" என்பதையே ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

வாக்கியம் முன்னிடைச் சொல்லில் (ஆஃப், டு, வித் போன்றவை) முடியக்கூடாது என்ற விதி இதைவிட வேடிக்கை. 1672-ல் கவிஞர் ஜான் டிரைடன் தனக்கு முந்தைய தலைமுறை நாடகாசிரியர் பென் ஜான்சனின் வரி ஒன்றை இதற்காகக் குறை சொன்னார். அது பள்ளிகள்வரை இறங்கி விதியாகவே உட்கார்ந்துவிட்டது. 1926-ல் வெளிவந்த தன் புகழ்பெற்ற வழக்கு அகராதியில் ஃபௌலர் அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டார். "டீம்", "கமிட்டி" போன்றவற்றுக்கு அமெரிக்காவில் பெரும்பாலும் ஒருமை வினை, பிரிட்டனில் பன்மையும் சகஜம். "நன்" (ஒருவரும் இல்லை, எதுவும் இல்லை) என்ற சொல்லுக்கு ஒருமை வினைதான் வரவேண்டும் என்று முதல் வருடம் நான் அடித்துச் சொன்னேன். அடுத்த வாரம் ஒரு பையன் "நன் வேர்" என்று அச்சான ஆங்கிலச் செய்தித்தாள் துண்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். இரண்டுமே நல்ல எழுத்தாளர்களிடம் உண்டு என்பதை அன்று இரவு அகராதிகளைப் புரட்டித்தான் தெரிந்துகொண்டேன். பையனிடம் ஒப்புக்கொண்டேன், கொஞ்சம் முகம் சுருங்கித்தான்.

தேர்வில் இவற்றை என்ன செய்வது? வாக்கியத்தில் வேறு உறுதியான பிழை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதுதான் விடை, வழுவமைதி பக்கமே போகாதீர்கள். வேறு எதுவும் இல்லையென்றால் தேர்வு வாரியம் பழைய பள்ளி இலக்கணத்தையே பின்பற்றும் என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. விடைக்குறிப்பே தப்பாக வருவதும் உண்டு. அதற்காகத்தான் கட்டணம் கட்டி ஆட்சேபம் தெரிவிக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள்.

தமிழ் வழிக் கல்வி காரணமா என்று கேட்டீர்கள். இல்லை என்றுதான் சொல்வேன். ஆங்கில வழியில் படித்த பிள்ளைகள் பேச்சில் சரளமாக இருப்பார்கள், ஆனால் இந்தப் பகுதியில் உங்களைவிட அதிகமாக விழுவதை வருடாவருடம் பார்க்கிறேன். அவர்கள் காதையே நம்புகிறார்கள். அந்தக் காது பழகியதோ நம் ஊர் ஆங்கிலத்தில். எல்லா வாக்கியத்துக்கும் பின்னால் "இல்லையா"வை "இஸின்ட் இட்" என்று ஒட்டுவதும், "தான்" வருமிடமெல்லாம் "ஒன்லி" போடுவதும் அவர்களுக்கு இயல்பாக ஒலிக்கிறது. உங்களுக்குக் காது இல்லை என்று நினைத்துப் பயந்து விதியைப் பிடித்தீர்கள். அது ஒரு வகையில் நல்லதே, விதியைப் பயன்படுத்தும் வரிசைதான் தவறிப்போனது. முதலில் வினை, அதனிடம் "யார், எது" என்ற கேள்வி. அப்புறம் காலம் காட்டும் சொல். அப்புறம் முன்னிடைச் சொற்கள். கடைசியாக ஏ, அன், தி. பழகிவிட்டால் ஒரு வாக்கியத்துக்கு இருபது வினாடி ஆகும்.

ஒரு வேலை தருகிறேன். விதி நோட்டை மூடிவைத்துவிட்டு, புது நோட்டில் நீங்கள் தப்பு செய்த வாக்கியத்தை மட்டும் முழுதாக எழுதுங்கள். அதன் கீழே, அந்தப் பிழை எந்தத் தமிழ் வாக்கியத்திலிருந்து வந்தது என்று எழுதுங்கள். டிஸ்கஸ்ட் அபவுட் கீழே "பற்றிப் பேசினோம்". ஹாட் கான் கீழே "போயிருந்தேன்". நாற்பது ஐம்பது வாக்கியம் சேர்வதற்குள் ஒரே தமிழ் வடிவம் பத்துத் தடவை வந்திருப்பது தெரியும். அதுதான் உங்கள் ஓட்டை. ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்றுக்கு மேல் இருப்பதில்லை.

எதிர்மதிப்பெண்ணை நினைத்துப் பயந்து விட்டுவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எஸ்.எஸ்.சி. பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வின் முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 25 கேள்வி, சரிக்கு 2 மதிப்பெண், தப்புக்கு 0.50 கழிவு. நான்கு தெரிவுகளில் இரண்டை உறுதியாக விலக்கிவிட்டு மிச்ச இரண்டில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால்கூட, சராசரியாகக் கேள்விக்கு 0.75 மதிப்பெண் உங்கள் பக்கம் வரும். வினை சரி, காலம் சரி என்று இரண்டு துண்டுகளை விலக்குவது மேலே சொன்ன வரிசையிலேயே நடந்துவிடும். எதையும் விலக்க முடியாத கேள்வியை மட்டும் விடுங்கள்.

மூன்றாவது வாக்கியத்தைக் கடைசிக்கு வைத்தேன். "தி நம்பர் ஆஃப் ஆக்சிடென்ட்ஸ் ஆன் திஸ் ரோடு ஹாஸ் இன்க்ரீஸ்ட் சின்ஸ் ஜூன்." நீங்கள் "ஹாஸ்" தப்பு, "ஹாவ்" வரவேண்டும் என்று குறித்தீர்கள். வினையிடம் கேளுங்கள்: கூடியது எது? எண்ணிக்கை. அது ஒன்று, ஹாஸ் சரி. "ஏ நம்பர் ஆஃப்" என்று இருந்திருந்தால் "பல விபத்துகள்" என்று பொருளாகி "ஹாவ்" வந்திருக்கும், ஆனால் இங்கே இருப்பது "தி". சின்ஸ் இருக்கிறது, அதற்கேற்ற ஹாஸ் இன்க்ரீஸ்ட் இருக்கிறது. ரோட்டுக்கு முன் "ஆன்" சரி. இந்த வாக்கியத்தில் பிழையே இல்லை, "பிழை இல்லை" என்ற நான்காவது கட்டத்தைத் தொட்டிருக்க வேண்டும்.